அடிமைமுறை ஒழிஞ்சப்போ நஷ்டஈடு யாருக்குப் போச்சு?

கரீபியன் நாடுகள் பிரிட்டன்கிட்ட நஷ்டஈடு கேக்குது, ஹைட்டி பிரான்ஸ்கிட்ட கேக்குது, ஆப்பிரிக்க ஒன்றியம் 2025-ஓட மையப்பொருளாவே இதைத்தான் எடுத்துக்கிச்சு. இந்த நியூஸ் வரும்போதெல்லாம் பலருக்கும் வர்ற கேள்வி ஒன்னுதான், எப்பவோ முடிஞ்சுபோன கொடுமைக்கு இன்னிக்கு உயிரோட இருக்கிறவங்க ஏன் காசு கட்டணும்? கேக்க வேண்டிய கேள்விதான். ஆனா கணக்கைப் புரட்டிப் பாத்தா அது அவ்வளவு பழைய கணக்கு இல்லைன்னு தெரியும். அடிமைகளை விடுவிக்க பிரிட்டன் வாங்குன கடன் முழுசா தீர்ந்தது 2015-ல. சுதந்திரத்துக்காக ஹைட்டி பட்ட கடனோட கடைசி பாக்கி தீர்ந்தது 1947-ல. இந்த ரெண்டு கணக்குலயும் அடிமையா இருந்தவங்க கைக்கு ஒரு பைசா வரல. இந்த விவகாரம் புரியணும்னா, அடிமைமுறை முடிஞ்சப்போ காசு எந்தப் பக்கம் போச்சுன்னு பாக்கிறதுதான் நல்ல வழி.

முதல்ல அடிப்படை

1. அட்லாண்டிக் அடிமை வியாபாரம்: 1500-கள்ல ஆரம்பிச்சு 1860-கள் வரைக்கும் ஆப்பிரிக்காவுல இருந்து சுமார் 1.25 கோடி பேரை கப்பல்ல ஏத்துனாங்க. அதுல உயிரோட கரை சேர்ந்தது சுமார் 1.07 கோடி பேர், மிச்சப்பேர் நடுக்கடல்லயே செத்துட்டாங்க. பெரும்பகுதி போனது பிரேசிலுக்கும் கரீபியன் தீவுகளுக்கும்தான். இப்ப அமெரிக்காவா இருக்கிற பகுதிக்கு ஆப்பிரிக்காவுல இருந்து நேரா வந்தது 4 லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு.

2. உடைமை அடிமைமுறை: இதுல மனுஷன் சட்டப்படி சொத்து. விக்கலாம், அடமானம் வைக்கலாம், இன்ஷூரன்ஸ் எடுக்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். அடிமைப் பெண்ணுக்குப் பிறக்கிற குழந்தையும் முதலாளியோட சொத்து. பொருளாதாரமா யோசிக்கும்போது இந்தப் பாயிண்ட் ரொம்ப முக்கியம், ஏன்னா இங்க சம்பளம் இல்லாத உழைப்பு மட்டும் இல்ல, அந்த உடம்பையே காட்டி கடன் வாங்கி அடுத்த தோட்டம் வாங்குனாங்க, லண்டன்லயும் லிவர்பூல்லயும் நியூயார்க்லயும் இருந்த கடன் சந்தை பூராவும் அதோட பின்னிக்கிடந்துச்சு.

3. நஷ்டஈடு கோரிக்கை: ஆங்கிலச் செய்திகள்ல ரெபரேஷன்ஸ்னு வர்றது இதுதான். ஆளுக்கு ஒரு செக் எழுதிக் கொடுக்கிறதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா கடன் தள்ளுபடி, மருத்துவம், கல்வி, முறையான மன்னிப்பு எல்லாமே இதுக்குள்ள வரும்.

பிரிட்டன் கொடுத்த 2 கோடி பவுண்ட்

பிரிட்டன் அடிமை வியாபாரத்தை 1807-ல தடை பண்ணுச்சு. ஆனா அடிமை வச்சிருக்கிறதைத் தடை பண்ண சட்டம் 1833-லதான் வந்துச்சு, நடைமுறைக்கு வந்தது 1834 ஆகஸ்ட் 1. விடுதலையான சுமார் 8 லட்சம் பேருக்கு நிலம் இல்ல, காசு இல்ல, ஒன்னும் இல்ல. முதலாளிகளுக்கு "சொத்து போச்சு"ன்னு 2 கோடி பவுண்ட். அந்தக் காலத்துல அது அரசோட ஒரு வருஷ செலவுல சுமார் 40 சதவீதம்.

அதுலயும் விலைப்பட்டியல் போட்டாங்க. எந்தக் காலனி, என்ன வேலை, வயசு என்னன்னு பாத்து ரேட் வச்சாங்க. மண்ணு புதுசா இருந்து கரும்பு நல்லா விளைஞ்ச பிரிட்டிஷ் கயானாவுல தலைக்கு சராசரியா 50 பவுண்டுக்கு மேல, மண்ணு ஓய்ஞ்சுபோன ஜமைக்காவுல 20 பவுண்ட் வாக்குல. அதாவது ஒருத்தர்கிட்ட இருந்து இன்னும் எவ்வளவு லாபம் கறக்க முடியுமோ அதை வச்சு விலை. உரிமை கோரினவங்க சுமார் 46,000 பேர், அத்தனை பேர் பதிவும் இருக்கு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் அதையெல்லாம் டேட்டாபேஸ் ஆக்கி யார் வேணா தேடிப் பாக்கிற மாதிரி போட்டிருக்காங்க. அதுல பெரிய தோட்டக்காரங்க மட்டும் இல்ல, ஒன்னு ரெண்டு அடிமையை வாடகைக்கு விட்டுப் பொழச்ச விதவைகள், பாதிரியார்கள், பேங்க்காரங்கன்னு எல்லாரும் இருக்காங்க.

அது போதாதுன்னு இன்னொரு ஏற்பாடும் பண்ணாங்க. "பயிற்சிக்காலம்"னு பேர் வச்சு, விடுதலையானவங்கள்ல பெரும்பாலானவங்க பழைய முதலாளிகிட்டயே வேலை நேரத்துல நாலுல மூணு பங்கை சம்பளம் இல்லாம உழைக்கணும்னு சட்டத்துலயே எழுதுனாங்க. 1840 வரைக்கும் நடக்க வேண்டியது, எதிர்ப்பு கிளம்பி 1838-லயே நிறுத்துனாங்க. ஆக நஷ்டஈட்டுல ஒரு பங்கை அடிமைகளே தங்களோட உழைப்பால கட்டியிருக்காங்க.

சரி, அந்த 2 கோடி எங்க இருந்து வந்துச்சு? 1835-ல 1.5 கோடி பவுண்டை நேதன் ரோத்ஸ்சைல்ட், மோசஸ் மான்டிஃபியோரின்னு ரெண்டு லண்டன் நிதிப்புள்ளிகள் சேர்ந்த குழு மூலமா கடன் வாங்குனாங்க, மிச்சத்தை அரசு பத்திரமா கொடுத்தாங்க. 1816-ல இருந்து 1842 வரைக்கும் பிரிட்டன்ல வருமான வரியே கிடையாது, அரசுக்கு வந்த காசுல பெரும்பகுதி டீ, சர்க்கரை மாதிரி சாமான் மேல போட்ட வரி. அதனால வட்டிச்சுமை சாதாரண ஜனங்க தலையில விழுந்துச்சு. அந்தக் கடனை முதிர்வுத் தேதியே இல்லாத பழைய பத்திரங்களோட சேர்த்துட்டதால தலைமுறை தலைமுறையா வட்டி மட்டும் கட்டிக்கிட்டே இருந்தாங்க, கடைசியா அந்த மாதிரிப் பத்திரங்களை எல்லாம் 2015-லதான் அரசு மொத்தமா அடைச்சுது. 2018-ல பிரிட்டன் நிதித்துறை இதைப் பெருமையா ட்வீட் போட்டு, எதிர்ப்பு வந்ததும் அழிச்சுட்டாங்க. எதிர்ப்புக்குக் காரணம் சுலபமா புரியும். 1948-க்கு அப்புறம் ஜமைக்கா, பார்படோஸ்ல இருந்து பிரிட்டனுக்கு வேலைக்கு வந்த குடும்பங்களும் வரி கட்டியிருக்காங்க, தன்னோட கொள்ளுத் தாத்தாவை வச்சிருந்த முதலாளிக்குக் கொடுத்த காசுக்கு அவங்க பேரப்பிள்ளைங்க வட்டி கட்டியிருக்காங்க.

ஒருத்தரோட கணக்கை மட்டும் பாப்போம்

ஜான் கிளாட்ஸ்டோன், லிவர்பூல் வியாபாரி. பின்னாடி பிரிட்டிஷ் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டோனோட அப்பா. இவருக்கு 2,508 அடிமைகளுக்காக 1,06,769 பவுண்ட் கிடைச்சுது. பயிற்சிக்காலம் முடியப்போகுதுன்னு தெரிஞ்சதும் 1836-லயே கல்கத்தாவுல இருந்த ஒரு கம்பெனிக்கு லெட்டர் போட்டு கயானா தோட்டத்துக்கு ஆள் கிடைக்குமான்னு கேட்டார். 1838 மே 5-ம் தேதி விட்பி, ஹெஸ்பரஸ்னு ரெண்டு கப்பல்ல 396 இந்தியர்கள் அங்க இறங்குனாங்க. பயிற்சிக்காலம் முடிஞ்சது அதே வருஷம் ஆகஸ்ட்ல. நடுவுல மூணு மாசம்கூட இல்ல.

இதுதான் ஒப்பந்தக் கூலி முறை. 5 வருஷ ஒப்பந்தம், குறைஞ்ச கூலி, தோட்டத்தை விட்டுப் போனா ஜெயில். ஒப்பந்தத்தை மீறுறது அங்க குற்றவியல் வழக்கு, இத கவனிக்கணும். மொரிஷியஸ்ல ஒரு நாள் வேலைக்கு வரலைன்னா ரெண்டு நாள் கூலியைப் பிடிப்பாங்க, காய்ச்சல்ல படுத்தவன் மாசக்கடைசில முதலாளிக்கே கடன்காரனா நிப்பான். அந்தத் தீவுக்கு மட்டும் 1834-ல இருந்து சுமார் 4.5 லட்சம் பேர் போனாங்க. மெட்ராஸ்ல இருந்து தென்னாப்பிரிக்காவோட நேட்டாலுக்கு, பாண்டிச்சேரி காரைக்கால்ல இருந்து பிரெஞ்சுத் தீவுகளான ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப்புக்குன்னு போன தமிழர்களும் இந்தக் கணக்குலதான் வர்றாங்க. விடுதலையான ஆப்பிரிக்கர்கள் கூடுதல் கூலி கேட்டு பேரம் பேச ஆரம்பிச்ச நேரத்துல இவங்களைக் கொண்டுவந்து இறக்கி கூலியைக் கீழேயே வச்சாங்க, அதனால ரெண்டு பக்கமும் அடிவாங்குச்சு. கயானாவுலயும் டிரினிடாட்லயும் இன்னிக்கும் ஓட்டு ரெண்டு சமூகமாப் பிரியுதுன்னா அதுக்கு ஒரு வேர் இங்க இருக்கு.

ஹைட்டி: ஜெயிச்சவங்க மேல விழுந்த கடன்

நான் பாத்தவரைக்கும் இந்த வரலாறு பூராவுலயும் மிகப் பெரிய அநியாயம் இதுதான், அதனால கொஞ்சம் நிதானமா பாக்கணும்.

கரீபியன்ல இருக்கிற ஹைட்டிக்கு அப்போ பேர் செயின்ட் டொமிங்கு, பிரான்ஸோட மிகப் பணக்காரக் காலனி. ஐரோப்பா குடிச்ச காபியில பாதிக்கும் மேல அங்க இருந்துதான் போச்சு. 1791-ல அடிமைகள் கிளர்ந்தெழுந்து, நெப்போலியன் அனுப்புன படையையும் தோற்கடிச்சு, 1804 ஜனவரி 1-ல சுதந்திரம் அறிவிச்சாங்க. அடிமைகளே போராடி ஒரு நாட்டை உருவாக்குனது உலகத்துல அங்க மட்டும்தான். ஆனா எந்தப் பெரிய நாடும் அங்கீகரிக்கல, அமெரிக்கா அங்கீகரிச்சது 1862-ல.

1825-ல பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸ் 14 போர்க்கப்பலை அனுப்பி ஒரு ஆணையை நீட்டுனார்:

1. பழைய தோட்ட முதலாளிகளுக்கு நஷ்டஈடா 15 கோடி ஃபிராங்க், 5 தவணையில கட்டணும்.
2. பிரெஞ்சு கப்பல்களுக்கு சுங்க வரியில பாதி தள்ளுபடி.
3. இதுக்கு ஒத்துக்கிட்டா சுதந்திரத்தை அங்கீகரிப்போம்.

15 கோடி எவ்வளவு பெரிசுன்னா, 1803-ல லூசியானான்னு அமெரிக்கக் கண்டத்துல பெரிய நிலப்பரப்பையே பிரான்ஸ் 8 கோடி ஃபிராங்குக்குத்தான் வித்துச்சு. ரெண்டாவது நிபந்தனையும் லேசுப்பட்டது இல்ல, ஹைட்டி அரசுக்கு வருமானமே சுங்க வரிதான், கடனை ஏத்திவிட்டு அதைக் கட்ட வர்ற வருமானத்தையும் குறைச்சுட்டாங்க.

முதல் தவணை 3 கோடி. கையில அவ்வளவு இல்ல. பாரிஸ் பேங்க்காரங்ககிட்டயே கடன் வாங்க வேண்டியதாப் போச்சு. 3 கோடிக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தாங்க, கைக்கு வந்தது 2.4 கோடி, மிச்ச 60 லட்சம் கழிவாவே போயிடுச்சு. வட்டி மட்டும் முழு 3 கோடிக்கு. அந்த வித்தியாசத்தைக் கட்ட கஜானாவை வழிச்சு எடுத்துப் பணத்தைக் கப்பல்ல பிரான்ஸுக்கு அனுப்புனாங்க. முதலாளிக்கு நஷ்டஈடு ஒரு பக்கம், அதைக் கட்ட வாங்குன கடன் இன்னொரு பக்கம், இதைத்தான் இரட்டைக் கடன்னு சொல்றாங்க. 1838-ல மொத்தத்தை 9 கோடியாக் குறைச்சாங்க, ஆனா பழைய கடனுக்குப் புதுக் கடன், அதுக்கு வட்டின்னு 1947 வரைக்கும் போச்சு.

இந்தக் காசு வந்தது காபி விவசாயிகள்கிட்ட இருந்து. 1826-ல ஜனாதிபதி போயர் கொண்டுவந்த கிராமச் சட்டம், விவசாயி நிலத்தை விட்டு நகரவே கூடாதுன்னு கட்டிப்போட்டுச்சு. பள்ளிக்கூடம், ரோடு, ஆஸ்பத்திரி கட்ட வேண்டிய காலம் முழுக்கக் காசு பாரிஸுக்குப் போச்சு. 1914 டிசம்பர்ல அமெரிக்க மரைன் படை வந்து ஹைட்டி தேசிய வங்கியில இருந்து 5 லட்சம் டாலர் தங்கத்தை நியூயார்க்குக்குத் தூக்கிட்டுப் போச்சு, அடுத்த வருஷமே நாட்டைப் பிடிச்சு 1934 வரைக்கும் வச்சிருந்தாங்க. 2003-ல அப்போதைய ஜனாதிபதி அரிஸ்டிட் பிரான்ஸ்கிட்ட 2,100 கோடி டாலருக்கு மேல திருப்பிக் கேட்டார். அடுத்த வருஷம் அவர் பதவியே போச்சு, கோரிக்கையும் அப்போதைக்கு நின்னுச்சு.

அமெரிக்கா: கொடுத்துட்டுப் பிடுங்கின நிலம்

1860-ல அமெரிக்காவுல சுமார் 40 லட்சம் பேர் அடிமைகள். சொத்துக் கணக்குல அவங்க மதிப்பு 300 கோடி டாலருக்கு மேல, நாட்டுல இருந்த ரயில்வேயும் தொழிற்சாலைகளும் சேர்ந்தாலும் அவ்வளவு இல்ல. ஏற்றுமதியில பாதிக்கு மேல அவங்க பறிச்ச பருத்தி.

1862-ல தலைநகர் வாஷிங்டன்ல விடுதலை கொடுத்தப்போ முதலாளிக்கு தலைக்கு 300 டாலர் வரைக்கும் கொடுத்தாங்க. விடுதலையானவங்களுக்கு, நாட்டை விட்டே போறதா இருந்தா மட்டும், 100 டாலர் வரைக்கும். 1865 ஜனவரில ஜெனரல் ஷெர்மன் தெற்குக் கடலோர நிலத்தைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரிச்சுக் கொடுக்க உத்தரவு போட்டார், சுமார் 40,000 பேர் குடியேறுனாங்க. லிங்கன் கொலையானதும் வந்த ஆண்ட்ரூ ஜான்சன் அதே வருஷத்துல அதை ரத்து பண்ணி பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுத்துட்டார். அதே காலத்துல ஹோம்ஸ்டெட் சட்டத்துல 160 ஏக்கர் இலவச நிலம் கொடுத்தாங்க, பெரும்பாலும் வெள்ளைக் குடும்பங்களுக்குத்தான் போச்சு. விடுதலையானவங்க சேமிக்கிறதுக்குன்னு ஆரம்பிச்ச ஃப்ரீட்மன்ஸ் பேங்க் நிர்வாக மோசடியால 1874-ல மூழ்கிடுச்சு, 61,000 பேரோட சுமார் 30 லட்சம் டாலர் மாட்டிக்கிச்சு. அப்புறம் 1930-கள்ல கறுப்பர் இருக்கிற ஏரியாவுக்கு வீட்டுக்கடன் ஆபத்துன்னு மேப்புல சிவப்புக் கலர் அடிச்சாங்க.

2022-ல அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் எடுத்த சர்வேல வெள்ளைக் குடும்பத்தோட நடுமட்ட (மீடியன்) சொத்து 2,85,000 டாலர், கறுப்பர் குடும்பத்தோடது 44,900. சம்பள வித்தியாசத்தை விட இது பல மடங்கு பெரிசு. ஏன்னா சம்பளம் இன்னிக்கு வேலை செஞ்சா வரும், சொத்துல ஒரு நல்ல பங்கு அப்பா அம்மாகிட்ட இருந்து வர்றது.

அந்த விளைவு எப்படி இன்னிக்கு வரைக்கும் வருது

1. ஒத்தைப் பயிர் பொருளாதாரம். காலனியை ஏற்றுமதிக்குன்னே வடிவமைச்சாங்க. மேற்கு ஆப்பிரிக்க ரயில்பாதைகள் பலது சுரங்கத்துல இருந்தோ தோட்டத்துல இருந்தோ நேரா துறைமுகத்துக்குப் போகும், பக்கத்து நாட்டோட இணைக்காது. செயின்ட் கிட்ஸ் தீவு 300 வருஷத்துக்கு மேல கரும்பையே நம்பி இருந்து, 2005-ல நஷ்டம் தாங்காம சர்க்கரை உற்பத்தியையே மூடிடுச்சு.

2. கடன். விடுதலையானப்போ கைல முதலீடு இல்லாத நாடு ஆஸ்பத்திரிக்கும் கடன் வாங்கணும், புயல் அடிச்சாலும் கடன் வாங்கணும். ஜமைக்காவோட கடன் 2013 வாக்குல அதோட வருஷ உற்பத்தியில 140 சதவீதத்தைத் தாண்டி இருந்துச்சு.

3. நம்பிக்கை உடையுறது. பொருளாதார ஆய்வாளர் நேதன் நன் 2008-ல காட்டுனது, ஆப்பிரிக்காவுல எந்தப் பகுதியில இருந்து அதிகம் பேரைப் பிடிச்சுப் போனாங்களோ அந்த நாடுகள் இன்னிக்கு அதிக ஏழையா இருக்கு. 2011-ல லியனார்ட் வாண்ட்செகானோட சேர்ந்து எழுதுனதுல, அப்படி அதிகம் பாதிக்கப்பட்ட இனக்குழுக்கள்ல அக்கம்பக்கத்து மேல, சொந்தக்காரங்க மேலகூட நம்பிக்கை குறைவுன்னு வந்துச்சு. தெரிஞ்சவங்களே பிடிச்சுக் கொடுத்த காலம் அது, அந்த பயம் சந்ததிக்கும் இறங்கியிருக்கு. நம்பிக்கை இல்லாத இடத்துல கூட்டு வியாபாரமும் கடன் கொடுக்கல் வாங்கலும் கஷ்டம்.

4. கட்டாய உழைப்புப் பகுதிகள். பெரு, பொலிவியாவுல ஸ்பானியர்கள் 1573-ல இருந்து 1812 வரைக்கும் போட்டோசி வெள்ளிச் சுரங்கத்துக்கும் ஹுவான்காவெலிகா பாதரசச் சுரங்கத்துக்கும் ஊர் ஊரா ஆளைக் கட்டாயமா இழுத்தாங்க. மெலிஸா டெல் பண்ண ஆய்வுல, பெருவுல அந்த எல்லைக்கோட்டுக்கு உள்ள இருக்கிற குடும்பங்களோட செலவு செய்ற வசதி வெளிய இருக்கிறவங்களை விட சுமார் 25 சதவீதம் கம்மி. மண்ணு ஒன்னு, மலை ஒன்னு, நடுவுல இருந்தது ஒரு நிர்வாகக் கோடு மட்டும்தான்.

அடிக்கடி வர்ற எதிர்வாதங்கள்

"ஆப்பிரிக்க ராஜாக்களே தானே வித்தாங்க?" ஆமா, மேற்கு ஆப்பிரிக்காவுல இருந்த டஹோமி மாதிரி அரசுகள் வித்துச்சு, அதை மறைக்க வேண்டியதில்ல. ஆனா துப்பாக்கி வேணும்னா ஆள் கொடுன்னு இருந்த வியாபாரத்துல, விக்காத அரசு துப்பாக்கி வச்சிருந்த பக்கத்து அரசுக்கு இரையாகிற நிலைமை. விடுதலை நேரத்துல 2 கோடி பவுண்ட் யாருக்குப் போச்சுங்கிறதை இந்த பதில் மாத்தாது.

"இந்த லாபத்தாலதான் தொழிற்புரட்சியே வந்துச்சா?" இதுல உண்மையிலேயே சர்ச்சை இருக்கு. பின்னாடி டிரினிடாட் பிரதமரான எரிக் வில்லியம்ஸ் 1944-ல அப்படி வாதிட்டார். அடிமை வியாபார லாபம் மட்டும் பிரிட்டனோட மொத்த முதலீட்டுல சின்னப் பங்குதான்னு பின்னாடி வந்தவங்க கணக்குப் போட்டாங்க. எனக்கு ரெண்டாவது கணக்கு குறுகலாத் தெரியுது, ஏன்னா கப்பல் கட்டுறது, இன்ஷூரன்ஸ், சர்க்கரை சுத்திகரிப்பு, லங்காஷயர் மில்லுக்கு வந்த பருத்தி இதையெல்லாம் சேக்காம வெறும் ஆள் வித்த லாபத்தை மட்டும் எடுத்தா படம் பாதிதான்.

"விடுதலைக்கு அப்புறம் ஆண்டவங்க ஊழல்?" அதுவும் உண்மை, ஹைட்டி மேல்தட்டு நல்லாவே சுரண்டிச்சு. ஆனா சுங்க வரியை அந்நிய பேங்க் கைல வச்சிருந்த நாட்டுல ஊழலும் அந்த பேங்க் வழியாவே வளர்ந்துச்சு, ரெண்டையும் தனித்தனியா எடைபோட முடியாது.

"அப்போ சட்டப்படி அது குற்றம் இல்லையே?" கோர்ட்டுல இதுதான் பெரிய தடை. அதனாலதான் பெரும்பாலும் வழக்கா இல்லாம அரசுகளுக்கு இடையிலான பேச்சுவார்த்தையா இது நகருது.

இப்போ கேக்குறது என்ன, கிடைச்சது என்ன

கரீபியன் நாடுகளோட கூட்டமைப்பான காரிகாம் 2013-ல ஒரு ஆணையம் அமைச்சு, அடுத்த வருஷம் 10 அம்சத் திட்டம் வெளியிட்டுச்சு. முழுமையான மன்னிப்பு, கடன் ரத்து, பொது சுகாதாரம், எழுத்தறிவு, தொழில்நுட்பம்னு அதுல பெரும்பாலானது நாடுகளுக்கான கோரிக்கை.

இதுவரைக்கும் வந்தது துண்டு துண்டா:

1. கென்யாவுல பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரா நடந்த மாவ் மாவ் எழுச்சி காலத்துல சித்திரவதைப்பட்ட 5,228 பேருக்கு 2013-ல பிரிட்டன் 1.99 கோடி பவுண்ட் கொடுத்துச்சு. பாதிக்கப்பட்டவங்க உயிரோட இருந்தாங்க, ஆவணங்கள் வெளிய வந்துச்சு, அதனால நடந்துச்சு.
2. தன்னோட காலனியா இருந்த நமீபியாவுல 1904-08-ல ஹெரேரோ, நாமா மக்கள் மேல நடத்துன இனப்படுகொலைக்கு ஜெர்மனி 2021-ல 110 கோடி யூரோ, 30 வருஷத்துல கொடுக்கிறதா அறிவிச்சுது. ஆனா அதை நஷ்டஈடுன்னு எழுத மறுத்துட்டாங்க, அந்த மக்கள்ல பலர் ஏத்துக்கல.
3. தென் அமெரிக்காவுல தன்னோட காலனியா இருந்த சுரினாம்ல 1863-ல தலைக்கு 300 கில்டர் முதலாளிகளுக்குக் கொடுத்த நெதர்லாந்து, 2022 டிசம்பர்ல மன்னிப்புக் கேட்டு 20 கோடி யூரோ நிதி ஒதுக்குச்சு. அது விழிப்புணர்வுக்கான நிதி, யார் கைக்கும் போற காசு இல்ல.
4. இங்கிலாந்து திருச்சபை, தன்னோட பழைய நிதி ஒன்னு அடிமை வியாபாரம் பண்ண சவுத் சீ கம்பெனியில முதலீடு பண்ணியிருந்ததை ஒத்துக்கிட்டு 2023-ல 10 கோடி பவுண்ட் அறிவிச்சுது.

2024 அக்டோபர்ல சமோவாவுல நடந்த காமன்வெல்த் தலைவர்கள் மாநாட்டு அறிக்கையில இது பத்திப் பேச வேண்டிய நேரம் வந்துடுச்சுன்னு ஒரு வரி இடம்பிடிச்சுது, காசு கொடுக்கிற பேச்சே இல்லைன்னு பிரிட்டன் அரசு தெளிவாச் சொல்லிடுச்சு. ஹைட்டி மேல அந்த ஆணை போட்டு சரியா 200 வருஷம் ஆன 2025 ஏப்ரல் 17-ல, பிரெஞ்சு ஜனாதிபதி மக்ரோன் ரெண்டு நாட்டு வரலாற்றாளர்களும் சேர்ந்த ஒரு ஆணையத்தை அறிவிச்சார். அந்தக் கடனால ஹைட்டிக்கு என்ன ஆச்சுன்னு ஆராய்ஞ்சு பரிந்துரை சொல்றது அதோட வேலை, பணத்தைத் திருப்பித் தர்றதைப் பத்தி அவர் எந்த வாக்குறுதியும் கொடுக்கல.